சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் கிடைப்பது எரிசோடாவா, சலவைச் சோடாவா?

கேள்வி: டிசம்பர் 6, மாலை

ஐயா, சோடா உப்பாகிய சோடியம் பைகார்பனேட்டும் சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் கால்சியம் கார்பனேட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு, நீர் ஆகியவை கிடைக்கும் என்று என் அண்ணனின் பழைய குறிப்பேட்டில் இருக்கிறது. எங்கள் டியூஷனில் இந்த ஆண்டு எழுதிப்போட்டதில் சோடியம் ஹைட்ராக்சைடு இல்லை. அதற்குப் பதிலாகச் சோடியம் கார்பனேட்டு இருக்கிறது. இரண்டில் ஒன்று தவறாகத்தானே இருக்க வேண்டும்? இன்னொன்றும் கேட்கிறேன். சோடா உப்பைக் கரைத்தால் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகிறது, அப்படியென்றால் அதுவும் காரம்தான். காரமும் காரமும் எப்படி வினைபுரியும்? வெற்றிலைச் சுண்ணாம்பில் ஆப்பசோடாவைப் போட்டுப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

டிசம்பர் 6, இரவு

தம்பி, இரண்டு குறிப்பேடுகளும் சரி. அண்ணனுடையதைக் கிழித்துவிடாதே.

ஒரு பங்கு சோடா உப்புக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்று மோல் கணக்கில், அதாவது எடையால் அல்லாமல் துகள்களின் எண்ணிக்கையால், சேர்த்தால் அண்ணனின் விடை வரும். இரண்டு பங்கு சோடா உப்புக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்று சேர்த்தால் உன் விடை வரும். சோடியம் பைகார்பனேட்டின் மோல் நிறை 84 கிராம், கால்சியம் ஹைட்ராக்சைடின் மோல் நிறை 74 கிராம். ஆகவே 74 கிராம் சுண்ணாம்புக்கு 84 கிராம் சோடா உப்பு என்பது ஒரு கதை, 168 கிராம் என்பது வேறு கதை.

அயனிகளாகப் பார்த்தால் சண்டையே இல்லை. பைகார்பனேட்டு அயனியில் இன்னும் ஒரு ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுண்ணாம்பின் ஹைட்ராக்சைடு அயனி பறித்து நீராகிவிடுகிறது. மிஞ்சும் கார்பனேட்டு அயனியைக் கால்சியம் அயனி பிடித்துக்கொண்டு வெள்ளை வீழ்படிவாக அடியில் உட்காருகிறது. சுண்ணாம்பின் ஒரு மூலக்கூறு அளவில் ஹைட்ராக்சைடு இரண்டு, கால்சியம் ஒன்று. சோடா உப்பு ஒரு பங்கு மட்டும் இருந்தால் ஒரு ஹைட்ராக்சைடுக்கு வேலை இல்லாமல் போகிறது, அது சோடியத்தோடு நீரில் தங்குகிறது, அதுவே எரிசோடா. சோடா உப்பு இரண்டு பங்கு இருந்தால் ஹைட்ராக்சைடு இரண்டும் தீர்ந்துவிடும், ஆனால் உண்டான இரண்டு கார்பனேட்டில் ஒன்றுக்குத்தான் கால்சியம் கிடைக்கும். மற்றது சோடியத்தோடு சலவைச் சோடாவாக நீரில் நிற்கும். ஆகையால் இத்தகைய வினை எதைக் கண்டாலும் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி, எது முன்னால் தீர்ந்தது என்பதுதான். சமன்பாட்டை அதற்குப் பிறகு எழுது.

கையில் பிடிக்கக்கூடிய அளவு வேண்டுமென்றால், நன்கு தெளிந்த ஒரு லிட்டர் சுண்ணாம்பு நீரில் நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ 1.6 கிராம் சுண்ணாம்புதான் கரைந்திருக்கும். அதற்கு 1.8 கிராம் சோடா உப்பு முதல் கணக்கு, 3.6 கிராம் இரண்டாம் கணக்கு.

டிசம்பர் 6, அதே இரவு

குமிழியை மறந்துவிட்டேன். எலுமிச்சைச் சாற்றில் சோடா உப்பு பொங்குவது ஏன்? அங்கே பைகார்பனேட்டு ஒரு ஹைட்ரஜனை வாங்கிக்கொள்கிறது, கார்பானிக் அமிலமாகிறது, அது உடைந்து வாயு எழும்புகிறது. சுண்ணாம்பிலோ அதே பைகார்பனேட்டு தன்னிடமிருக்கும் ஹைட்ரஜனைக் கொடுத்துவிடுகிறது. வாங்கினால் பொங்கும், கொடுத்தால் படியும். பொங்கவில்லை என்பதை வைத்து வினை நடக்கவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறாய். நடந்தது கீழே படிந்து கிடக்கிறது, ஊற்றிவிடாமல் பார்.

டிசம்பர் 8

காரமும் காரமும் எப்படி வினைபுரியும் என்ற கேள்விக்கு மஞ்சளைக் கொண்டு ஒரு சோதனை சொல்கிறேன். நம் வீடுகளில் ஆலம் சுற்றுவதற்கு மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்ப்பார்கள், நீர் இரத்தச் சிவப்பாகும். அந்தச் சிவப்பு சுண்ணாம்பின் காரத்தால் வருவது. அதில் சோடா உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போனால், ஹைட்ராக்சைடு முழுவதும் தீர்ந்த கணத்தில் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்ப வேண்டும். செய்து பார்த்துவிட்டு எழுது.

டிசம்பர் 9

மேலே எழுதியது தவறு. செய்து பார்க்காமல் எழுதிவிட்டேன். நேற்று உறவினர் வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். ஆலம் சுற்றி முடித்துத் தட்டோடு வாசலில் கொட்டப் போனவர்களிடம் கேட்டு வாங்கி, ஒரு கண்ணாடிக் குவளையில் அந்த நீரை ஊற்றிச் சோடா உப்பைச் சேர்த்தேன். முதல் சிட்டிகையிலேயே நீர் கலங்கிப் பால் கலந்தது போல வெளுத்த சிவப்பானது. மேலும் மேலும் சேர்த்தேன். ஐந்தாவது சிட்டிகைக்குப் பிறகு சிவப்பின் ஆழம் குறைந்து செம்பழுப்பாக மங்கியதே தவிர, மஞ்சள் திரும்பவே இல்லை. பிறகு அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தேன். நுரைத்து எழும்பி நொடியில் மஞ்சளானது.

ஏன் என்று இரவு முழுவதும் யோசித்தேன். அமிலமா காரமா என்பதை அளக்கும் பிஎச் எண்ணில் (ஏழு நடுநிலை) மஞ்சளின் நிறம் மாறும் இடம் எட்டை ஒட்டியது, எட்டரையைத் தாண்டினால் சிவப்புத்தான். சோடா உப்பின் கரைசலே 8.3 அளவில் நிற்பது. அது சுண்ணாம்போடு வினைபுரிந்து உண்டாக்கும் சலவைச் சோடா 11-ஐத் தொடும். ஆகவே பன்னிரண்டரைக்கு அருகில் இருந்த சுண்ணாம்பு நீர் பதினொன்றுக்கும் பத்துக்கும் இறங்கியது உண்மை. மஞ்சள் அந்த இறக்கத்தைக் காணும் கண் உடையது அன்று. நடுநிலையாக்கல் என்ற சொல்லைக் கேட்டவுடன் பிஎச் ஏழில் வந்து நிற்கும் என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்த எனக்கும் விடவில்லை என்பதால், மாணவரைக் குறை சொல்ல முடியாது. ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து நீராவதுதான் வினை. அது முடிந்த பிறகு குவளையில் நிற்பது எவ்வளவு காரம் என்பது, மிஞ்சிய உப்பின் குணத்தைப் பொறுத்த வேறு செய்தி.

டிசம்பர் 12

சோடா உப்பு போன்றவற்றுக்கு வழங்கும் அமில உப்பு என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அமிலத்திலிருந்த ஹைட்ரஜன்களில் ஒன்றிரண்டு போகாமல் எஞ்சியிருக்கும் உப்பு என்பதே அதன் பொருள். கரைத்தால் புளிக்கும் என்பது பொருளன்று. சோடியம் பைசல்பேட்டு நன்றாகவே புளிப்பது, கழிப்பறைத் தூள்கள் சிலவற்றில் இருக்கிறது. கந்தக அமிலத்துக்குப் பதிலாகப் பயன்படும் அளவுக்கு அமிலத்தன்மை உள்ளது. சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டின் கரைசல் நாலரையை ஒட்டிய பிஎச் காட்டும். அதிலிருந்து இன்னொரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டால் கிடைக்கும் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டு ஒன்பதை ஒட்டிய காரத்தைக் காட்டும், ஆனால் அதுவும் அமில உப்புத்தான், ஏனெனில் ஒரு ஹைட்ரஜன் இன்னும் அதில் இருக்கிறது. சோடா உப்பையும் சேர்த்து நான்கும் எரிசோடாவோடு வினைபுரியும். லிட்மஸ் தாள் நீலமானதை வைத்துச் சோடா உப்பைக் காரம் என்று முத்திரை குத்தியதில் உன் பிழை இல்லை, தாள் சொன்னது நீரைப் பற்றி. தனக்கு மேலான காரம் வந்தால் அது அமிலமாக நடக்கும், தனக்கு மேலான அமிலம் வந்தால் காரமாக நடக்கும்.

கழிப்பறைத் தூளைச் சோதனைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் வெளுப்பானின் பக்கமே கொண்டு போகாதே. குளோரின் வாயு வரும்.

டிசம்பர் 15

யாங்கோனிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். வீழ்படிவு கால்சியம் கார்பனேட்டுத்தானா என்று அறிய எலுமிச்சை பிழிந்து பார்க்கும்படி நான் நேரில் சொல்லியிருந்தேனாம். அவர் கூன்யாக் கடையில், அதாவது வெற்றிலைபாக்குக் கடையில், வாங்கிய சுண்ணாம்பில் சோடா உப்பு எதுவும் சேர்க்காமலே எலுமிச்சை பிழிந்தாராம், அதுவும் பொங்கியதாம். அப்படியிருக்க அந்தச் சோதனைக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. மறுநாள் காலையில் சந்தை முனையில் உள்ள கூன்யாக் கடையில் நின்று கவனித்தேன். கடைக்காரப் பெண்மணி வெற்றிலையை உள்ளங்கையில் விரித்து, தகர டப்பாவிலிருந்து ஒரு குச்சியால் சுண்ணாம்பைத் தொட்டுத் தடவுகிறார். டப்பா விடிந்ததிலிருந்து இருட்டும் வரை திறந்தே இருக்கிறது. மேலே ஒரு வெள்ளை ஆடை படர்கிறது, குச்சி அதைக் கிழித்து உள்ளே போகிறது, டப்பாவின் விளிம்பில் காய்ந்த பொருக்கு விரலால் தட்டினால் உதிர்கிறது. அந்த ஆடையும் பொருக்கும் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துக் கார்பனேட்டாக மாறிப்போன சுண்ணாம்பு. எலுமிச்சையில் பொங்கியது அதுதான். நீற்றிய சுண்ணாம்பு மட்டுமே இருந்தால் எலுமிச்சையில் சூடேறிக் கரையும், நுரைக்காது.

ஆகவே முறையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி சுண்ணாம்பை ஒரு போத்தல் நீரில் குலுக்கி, இறுக மூடி, இரவு முழுவதும் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் மெல்லிய துணி இரண்டு மடிப்பில் வடிகட்டி எடுங்கள். அதில் கார்பனேட்டு இருக்க வழியில்லை, அது கரையாதது. அந்தத் தெளிநீரில் ஒரு பங்கை எடுத்துச் சோடா உப்பு சேர்க்காமல் எலுமிச்சை விடுங்கள், பொங்கக் கூடாது. அதற்குப் பிறகு மறு பங்கில் சோடா உப்புக் கரைசல் சேர்த்து, படிந்ததை வடித்துக் கழுவி, அதன் மீது எலுமிச்சை விடுங்கள். கழுவாமல் விட்டால் ஒட்டியிருக்கும் சோடா உப்பே பொங்கிவிடும்.

டிசம்பர் 28

சுண்ணாம்பைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் தண்ணீர் வழக்கு வந்துவிட்டது. மியான்மரின் மோல்மீனிலும் பாஆன் பக்கமும் இருப்பவர்கள் நால்வர் ஒரே வாரத்தில் கேட்டிருக்கிறார்கள்: கிணற்றுநீரில் கெண்டியின் அடியில் வெள்ளை ஓடு கட்டுகிறது, பருப்பு வேகவில்லை, சவர்க்காரம் நுரைக்கவில்லை. இந்தப் பகுதி முழுவதும் சுண்ணாம்புப் பாறை மலைகள். ஸ்வெகபின் மலையைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சமவெளியில் திடீரென்று எழுந்து நிற்கும் அந்தப் பாறைகளின் ஊடே இறங்கும் மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பாறையைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. நம் இழையின் நாயகனான பைகார்பனேட்டுத்தான் அவன், சோடியத்துக்குப் பதிலாகக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

இதைப் போக்க ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் கிளார்க் என்ற வேதியியலாளர் 1841-இல் காப்புரிமை பெற்ற வழி, தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ப்பது. முதன்முதலில் படித்தபோது நான் அச்சுப்பிழை என்று நினைத்தேன். சுண்ணாம்பு மிகுந்த நீரில் மேலும் சுண்ணாம்பா? ஆனால் கணக்கைப் போட்டால் தெளிவாகிறது. கரைந்திருக்கும் பைகார்பனேட்டிடமிருந்து ஹைட்ராக்சைடு ஹைட்ரஜனைப் பறிக்கிறது, கரையாத கார்பனேட்டு உண்டாகிறது. சேர்த்த சுண்ணாம்பின் கால்சியமும் நீரில் முன்பே இருந்த கால்சியமும் இரண்டும் சேர்ந்து படிந்துவிடுகின்றன. கால்சியம் பைகார்பனேட்டு ஒன்று, கால்சியம் ஹைட்ராக்சைடு ஒன்று, கிடைப்பது கால்சியம் கார்பனேட்டு இரண்டும் நீர் இரண்டும். நீரில் மிஞ்சுவது ஏதுமில்லை. இந்தத் துறையில் இதைவிட அழகான வினையை நான் கண்டதில்லை.

அளவு முக்கியம். ஒரு லிட்டரில் கால்சியம் கார்பனேட்டுக் கணக்கில் 200 மில்லிகிராம் தற்காலிகக் கடினத்தன்மை (பைகார்பனேட்டால் வருவது) இருந்தால் 148 மில்லிகிராம் சுண்ணாம்பு போதும். 20 லிட்டர் வாளிக்கு மூன்று கிராம். அதுகூடத் தூளாகக் கொட்ட வேண்டாம், தெளிந்த சுண்ணாம்பு நீராகவே சேர்க்கலாம். ஒரு பங்கு சுண்ணாம்பு நீர் ஏறத்தாழ பதினொரு பங்கு கிணற்றுநீருக்குச் சரியாகும்.

டிசம்பர் 29

நேற்று எழுதியதில் இரண்டு இடங்களில் அவசரப்பட்டிருக்கிறேன். கிணற்றுநீரில் கரைந்து நிற்கும் கரியமில வாயுவும் சுண்ணாம்பைத் தின்னும், அதற்கும் சேர்த்துச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். மக்னீசியம் பைகார்பனேட்டு இருந்தால் இன்னும் கூடும்: மக்னீசியம் கார்பனேட்டு ஓரளவு கரையக்கூடியது, ஆகவே அது படிவதற்கு மக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாற வேண்டும், அதற்கு ஒன்றுக்கு இரண்டு பங்கு சுண்ணாம்பு வேண்டும். எனவே நீரைச் சோதிக்காமல் அளவு சொல்ல முடியாது. மற்றொன்று, கால்சியம் சல்பேட்டினால் வரும் நிலைத்த கடினத்தன்மை சுண்ணாம்பால் போகாது. அங்கே எந்த ஹைட்ரஜனும் இல்லை, ஹைட்ராக்சைடுக்குப் பறிக்க ஒன்றுமில்லை. அதற்குச் சலவைச் சோடா.

ஜனவரி 3

சுண்ணாம்பு மிகுந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு கோடையில் கிணறு வற்றி அடிநீர் மட்டும் இருந்த காலம். நான் சொன்ன முறையைக் கேட்ட என் தமக்கை, கண்ணளவில் ஒரு பிடி வெற்றிலைச் சுண்ணாம்பைக் குடத்தில் போட்டு, மறுநாள் தெளிந்த நீரை எடுத்துத் துவரம்பருப்பை வேகவைத்தார். பருப்புக் கொதி வந்தபோது மஞ்சள்தூளைத் தூவினார். தூவிய இடத்திலிருந்தே செங்கல் நிறம் ஓடி, பானை முழுவதும் செம்மண் குழம்பாகிவிட்டது. அக்கா பயந்து அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். குடத்து நீரை நாக்கில் ஒரு துளி வைத்தேன். வழுவழுப்பு, பிறகு எரிச்சல். அது தெளிந்த நீர் அன்று, தெளிந்த சுண்ணாம்பு நீர். பைகார்பனேட்டு முன்னால் தீர்ந்துபோய், ஹைட்ராக்சைடு கேட்பாரற்று நின்றிருக்கிறது. பருப்பைக் கொட்டிவிட்டோம், அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆலம் நீரில் எனக்கு உதவாத மஞ்சள், இங்கே உதவியது. ஆகவே அதற்கு ஒரு பயன் சொல்லிவிடுகிறேன்: சுண்ணாம்பு சேர்த்துத் தெளியவைத்த நீரில் ஒரு தேக்கரண்டி எடுத்து மஞ்சள் இட்டுப் பாருங்கள். ஆழ்ந்த சிவப்பு வந்தால் சுண்ணாம்பு மிஞ்சியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் சாதாரணக் கிணற்றுநீரைச் சேர்த்துக் கலக்குங்கள், அதிலுள்ள பைகார்பனேட்டு மிஞ்சியதை எடுத்துவிடும். குடிநீருக்கு இந்த மஞ்சள் சோதனை மட்டும் போதாது, பிஎச் தாள் கட்டாயம் வேண்டும்.

ஜனவரி 9

கிளார்க்கின் முறையை ஒரு குவளைக்குள் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியும். நான் எந்த வகுப்பிலும் இதைத் தவறவிட்டதில்லை.

தெளிந்த சுண்ணாம்பு நீர் கால் குவளை. வேறொரு போத்தலில் காடியும் ஆப்பசோடாவும் போட்டு, மூடியில் துளையிட்டுச் செருகிய குழாய் வழியாக வரும் வாயுவைச் சுண்ணாம்பு நீருக்குள் விடுங்கள். அரை நிமிடத்தில் பால் வெள்ளையாகும், அது கார்பனேட்டு. நிறுத்தாதீர்கள். வாயு தொடர்ந்து போகப் போக வெண்மை மெலிந்து, புகை கலைவது போல் அடியிலிருந்து கண்ணாடித் தெளிவு ஏறிவரும். கார்பனேட்டு மேலும் வாயுவை ஏற்றுக் கரையும் பைகார்பனேட்டாகிவிட்டது. இப்போது உங்கள் கையில் இருப்பது பாஆன் கிணற்றுநீர். அதில் மீதியிருக்கும் புதிய சுண்ணாம்பு நீரை ஊற்றுங்கள். ஊற்றிய கணத்தில் மீண்டும் பால். வகுப்பில் இந்த இடத்தில் பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள், ஏனெனில் தெளிந்த நீர் இரண்டைச் சேர்த்தால் வெள்ளை வருகிறது. வாயால் ஊதியும் செய்யலாம், வெளுப்பது எளிதில் நடக்கும், தெளிவதற்கு மூச்சு போதாமல் சோர்ந்துவிடுவீர்கள்.

ஜனவரி 11

அண்ணனின் குறிப்பேட்டுக்கு ஆதரவாக ஒரு பழைய சாட்சி. எடின்பரோவில் வேதியியலாளர் ஜோசப் பிளாக் 1750-களில் செய்த ஆய்வுகளின் மையமே இதுதான். மென்காரம் என்று அந்நாளில் அழைத்த கார்பனேட்டுகளோடு நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் காரம் கடுங்காரமாகிறது, சுண்ணாம்பு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிவிடுகிறது. அதற்கு முந்தையோர் நெருப்பிலிருந்து சுண்ணாம்பு ஏதோ காரத்தன்மையைப் பெற்று அதைக் காரத்துக்குக் கொடுக்கிறது என்று நினைத்தார்கள். பிளாக் தராசைக் கையில் எடுத்தார். சுண்ணாம்புக் கல் சூளையில் எதையும் பெறவில்லை, ஒரு வாயுவை இழக்கிறது. அந்த வாயுவைக் காரத்திடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்வதால்தான் காரம் கடுமையாகிறது என்று எடையால் நிறுவினார். சோடா உப்பில் தொடங்கினாலும் சலவைச் சோடாவில் தொடங்கினாலும் சுண்ணாம்பு போதிய அளவு இருந்தால் வந்து சேரும் இடம் எரிசோடா என்பதை நீ இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே 1.8 கிராம் கணக்கில் செய்த குவளையில் இருப்பது நீர்த்த எரிசோடாக் கரைசல். அடர்த்தி குறைவுதான், ஆனாலும் கண்ணில் பட்டால் விளையாட்டன்று. கண்ணாடி அணியாமல் செய்யாதே.

ஜனவரி 17

பெகு பக்கத்தில் வயல் வைத்திருக்கும் ஒருவர், புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பும் சூப்பர்பாஸ்பேட்டு உரமும் ஒரே நாளில் கலந்து தூவியதாகவும் பயிரில் பலன் தெரியவில்லை என்றும் வருந்தியிருக்கிறார். சூப்பர்பாஸ்பேட்டின் உயிரே கால்சியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டு என்ற அமில உப்பு. கரையும் என்பதால்தான் வேர் அதை எடுக்கிறது. நீற்றிய சுண்ணாம்போடு கலந்தால் ஹைட்ரஜன்கள் ஒவ்வொன்றாகப் பறிபோய், கரையாத கால்சியம் பாஸ்பேட்டாக முடிகிறது. தொழிற்சாலையில் கந்தக அமிலம் கொட்டிப் பாறையிலிருந்து கரைத்து எடுத்ததை நாம் வயலில் மறுபடி பாறையாக்குகிறோம். சுண்ணாம்பை உழவுக்கு முன்பே இட்டு மண்ணோடு சேரவிட்டு, சில வாரம் கழித்து உரம் இடுங்கள்.

ஜனவரி 24

மாணவரிடமிருந்து இரண்டு கேள்விகள். பொட்டாசியம் பைசல்பேட்டும் எரிசோடாவும் சேர்ந்தால் எந்த உப்பு வரும் என்பது முதலாவது. கரைசலில் எந்த உப்பும் வருவதில்லை. பொட்டாசியம், சோடியம், சல்பேட்டு அயனிகள் தனித்தனியே நீந்துகின்றன. ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் மட்டும் நீராகின. தேர்வில் எழுதுவதற்கு இரண்டு பங்கு, இரண்டு பங்கு என்று எடுத்துப் பொட்டாசியம் சல்பேட்டு ஒன்று, சோடியம் சல்பேட்டு ஒன்று, நீர் இரண்டு என்று எழுது.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. ரொட்டிக்கடைக்காரர்கள் பிஸ்கட்டுக்கு இடும் அம்மோனியம் பைகார்பனேட்டில் எரிசோடாவைச் சிறிதளவே சேர்த்தால், ஹைட்ராக்சைடு அம்மோனியத்தின் ஹைட்ரஜனை எடுக்குமா, பைகார்பனேட்டின் ஹைட்ரஜனை எடுக்குமா? பைகார்பனேட்டுத்தான் என்று பல வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன, நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். ஹைட்ரஜனை விடுவதற்கான எண்களை ஒப்பிட்டபோதுதான் விழித்தேன்: அம்மோனியத்துக்கு 9.25, பைகார்பனேட்டுக்கு 10.33. எண் குறைந்தது எளிதில் கொடுக்கும். ஆகவே முதலில் பெருமளவு கொடுப்பது அம்மோனியமே. அப்படிப் பிறந்த அம்மோனியா குளிர்ந்த நீரில் கரைந்தே நிற்பதால் நெடி உடனே தூக்கலாக வராது. அதைக் கண்டுதான் எழுதியவர்கள் தடுமாறியிருக்க வேண்டும். என்னிடம் படித்தவர்கள் யாரேனும் இதைப் பார்த்தால் பழைய குறிப்பில் திருத்திக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 2

தம்பி நேரில் வந்திருந்தான். மாமாவின் நகைக்கடைத் தராசில் சோடா உப்பை நிறுத்து இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தான். ஒரு டிக்கலுக்கு 16 பே என்ற பழைய பர்மிய எடைக் கணக்கில் ஒரு பே ஏறத்தாழ ஒரு கிராம் என்பதால், மாமா முதலில் பேயில் நிறுத்துவிட்டுப் பிறகு கிராமுக்கு மாற்றியிருக்கிறார். ஒன்றில் 1.8, மற்றதில் 3.6.

ஒரு லிட்டர் தெளிந்த சுண்ணாம்பு நீர் இரண்டு போத்தல். இரண்டிலும் பொட்டலத்தைக் கரைத்தோம், இரண்டும் ஒன்றுபோலவே வெளுத்தன. ஒரு மணி நேரம் படியவிட்டு வடித்தோம். வடித்த நீர் இரண்டும் ஒன்றுபோலவே தெளிவு, இரண்டும் மஞ்சளைச் சிவப்பாக்கின, விரலில் இரண்டும் வழுக்கின. பார்வைக்கு ஒரு வேறுபாடும் இல்லை. எரிசோடா எது, சலவைச் சோடா எது என்று எப்படி ஐயா சொல்வது என்று கேட்டான்.

நான் விடை சொல்லவில்லை. மீதமிருந்த சுண்ணாம்பு நீரை அவன் பக்கம் தள்ளினேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு சிறு குவளைகளில் வடித்த நீரை ஊற்றி, இரண்டிலும் புதிய சுண்ணாம்பு நீரைச் சேர்த்தான். 3.6 கிராம் குவளை உடனே பாலாயிற்று: கார்பனேட்டு அதில் காத்துக்கொண்டிருந்தது, கால்சியம்தான் இல்லாமல் இருந்தது. 1.8 கிராம் குவளை அப்படியே தெளிவாக நின்றது. அதில் கார்பனேட்டு முன்பே தீர்ந்துவிட்டது.

அரை மணி கழித்து அந்தத் தெளிந்த குவளையிலும் மேலே மெல்லிய ஆடை படர்ந்திருக்கிறது என்று காட்டினான். கூன்யாக் கடை டப்பாவை நினைவுபடுத்தினேன், காற்று என்றான். அண்ணனின் குறிப்பேட்டில் அந்தச் சமன்பாட்டின் ஓரத்தில் ஒன்றுக்கு ஒன்று என்றும், தன்னுடையதில் இரண்டுக்கு ஒன்று என்றும் என் மேசையிலேயே எழுதிக்கொண்டு போனான்.